பன்னிரண்டு வோல்ட் இருக்கிறது, பம்பு ஓடவில்லை!

கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றுகிறது, எஞ்சின் பற்றிக்கொள்ளவில்லை. வழக்கமாகச் சாவி போட்டவுடன் பின் இருக்கைக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று வினாடி கேட்கும் மெல்லிய ரீங்காரமும் இல்லை. எலக்ட்ரீஷியன் வருகிறார். இருக்கையைத் தூக்கி, பெட்ரோல் தொட்டியின் மேலுள்ள கப்ளரைக் கழற்றி, ஒயரிங் பக்கத்து முனைகளில் மல்டிமீட்டரை வைக்கிறார். உதவியாள் சாவியைத் திருப்புகிறார். மீட்டர் 12.5 வோல்ட் காட்டுகிறது. "கரண்ட் சரியாக வருகிறது, பம்புதான் போய்விட்டது" என்று தீர்ப்பாகிறது. சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய பம்பு வாங்கிப் பொருத்துகிறார்கள். கார் அப்போதும் கிளம்பவில்லை.

மாணவ நண்பர்களே, இந்தத் தீர்ப்பில் எங்கே பிழை என்று உங்களால் சொல்ல முடியுமா? மீட்டர் நல்ல மீட்டர். பேட்டரி நல்ல பேட்டரி. அளந்தவர் கை தேர்ந்தவர். அப்படியானால் பிழை எங்கே?

எலக்ட்ரீஷியனைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவர் செய்தது பழுது பார்க்கும் கையேடுகளின் அட்டவணைகளில் பல காலமாக இருந்துவரும் முறைதான். "பம்பு முனையில் மின்னழுத்தம் உள்ளதா? இல்லையெனில் ஒயரிங்கைப் பார். உண்டெனில் பம்பை மாற்று." பார்ப்பதற்கு எவ்வளவு தெளிவான வழி! இயற்பியலில் பட்டம் பெற்ற ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தினாலும் அவரும் பெரும்பாலும் இதையே சொல்வார் என்பதுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஆகவே நான் குறை சொல்லப் போவது இரண்டு பொருள்களை: ஒன்று, அந்த அட்டவணை, மற்றொன்று, அதைச் சந்தேகிக்க நமக்குக் கற்றுத்தராத மின்னோட்டவியல் பாடம்.

முதலில் சுற்றைப் பார்த்துவிடுவோம். பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களில் பெட்ரோல் பம்பை எஞ்சினே இயக்கும். அதில் மின்சாரத்துக்கு வேலை இல்லை. இங்கிலாந்தின் மாரிஸ் மைனர் காரில் மின்சாரப் பம்பு உண்டு. அதன் உள்ளே தொட்டுத் தொட்டு விலகும் முனைகள் ஒட்டிக்கொண்டால் ஓட்டுநர் கையில் கிடைத்ததை எடுத்துப் பம்பைத் தட்டுவார், அது மறுபடி ஓடும். கார்புரேட்டர் போய், பெட்ரோலைத் தூவிச் செலுத்தும் முறை வந்தபின் நிலைமை மாறிவிட்டது. அதற்குச் சுமார் 3 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல் மூன்று மடங்கு அழுத்தம் வேண்டும். ஆகவே இன்றைய கார்களில் ஒரு சிறு மின்மோட்டாரும் பம்பும் சேர்ந்து பெட்ரோல் தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருக்கின்றன. பேட்டரியின் நேர்முனையிலிருந்து மின்னோட்டம் ஃப்யூஸ் வழியாக ரிலேக்கு வருகிறது. அங்கிருந்து நீண்ட ஒயர், பின் கப்ளர், பின் மோட்டார். மோட்டாரிலிருந்து மீண்டும் கப்ளர், எர்த் ஒயர், காரின் இரும்பு உடல் வழியாகப் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. ஓடும்போது பல கார்களில் ஏறக்குறைய 5 ஆம்பியர் செல்லும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. கப்ளரில் உள்ள ஒரு பித்தளை முனை ஈரத்தால் பச்சை பூத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மின்தடை 2 ஓம் ஆகிவிட்டது. ஓடுகின்ற பம்பை 2.5 ஓம் மின்தடையாகக் கொள்வோம் (12.5 வோல்ட்டை 5 ஆம்பியரால் வகுத்தது). இரண்டும் தொடர் இணைப்பில் இருப்பதால் மொத்தம் 4.5 ஓம். மின்னோட்டம் 5 ஆம்பியரிலிருந்து 2.8 ஆம்பியராகக் குறைகிறது. பம்புக்குக் கிடைப்பது 7 வோல்ட் மட்டுமே. மீதி 5.5 வோல்ட் அந்தப் பச்சை பூத்த முனையிலேயே வீணாகிறது. வீணாவது என்றால் வெப்பமாவது: 2.8 ஆம்பியரின் வர்க்கத்தை 2 ஓமால் பெருக்கினால் 15 வாட்டுக்குச் சற்று மேல். ஒரு சிறிய பற்றவைப்புக் கோலின் வெப்பம்! நெல்மணி அளவுள்ள இடத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், இத்தனை வெப்பம் உண்டானால் என்ன ஆகும்? பழைய கார்களின் கப்ளரில் ஒரு முனையைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுத்து உருகியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும்.

(மோட்டாரை வெறும் மின்தடையாகக் கொள்வது சரியன்று. சுழலும்போது அது ஓர் எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்குகிறது. நிற்கும்போது அது இல்லை. ஆகவே நின்றிருக்கும் மோட்டாரின் மின்தடை இன்னும் குறைவு. ஓடத் தொடங்கும் நொடியில் அது அதிக மின்னோட்டத்தைக் கேட்கும், கெட்ட முனையில் இழப்பும் அந்நொடியில் அதிகமாகும். ஓடிக்கொண்டிருக்கும் பம்பு ஓடிக்கொண்டே இருக்க, நிறுத்திவிட்டுக் கிளப்பினால் மட்டும் அடம்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நம் வாதத்துக்குத் தோராயக் கணக்கே போதும்.)

இதே சுற்றில் பம்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் என்ன தெரியும்? எண்களில் காட்டும் மீட்டரின் உள்மின்தடை பொதுவாக 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம். ஒரு கோடி ஓமுக்கு முன்னால் 2 ஓம் எம்மாத்திரம்? மீட்டர் 12.5 என்றே காட்டும். 2 ஓம் கிடக்கட்டும். அந்த முனையின் மின்தடை 1000 ஓம் ஆகிவிட்டது என்று கொள்ளுங்கள். பம்புக்கு இப்போது ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காது. மீட்டரோ 12.499 வோல்ட் பெறும், திரையில் 12.50 என்றுதான் எழுதும். பல இழைகள் கொண்ட ஒயரில் ஒரே ஓர் இழை தவிர மற்றவை அறுந்திருந்தாலும் மீட்டர் கண்ணுக்கு அது முழு ஒயர்தான்.

மீட்டர் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மின்னோட்டம் இல்லாதபோது அம்முனைகளுக்கிடையே 12.5 வோல்ட் இருப்பது முழு உண்மை. கேட்கப்பட்ட கேள்விதான் தவறு. "இங்கே அழுத்தம் உள்ளதா?" என்று கேட்டோம். கேட்டிருக்க வேண்டியது, "5 ஆம்பியர் போகும்போதும் இங்கே அழுத்தம் நிற்குமா?" என்பது.

பாடத்தில் விட்டுப்போன ஓர் எழுத்து

இனி நம் பாடத்துக்கு வருவோம். பள்ளியிலும் கல்லூரியிலும் நாம் வரையும் மின்சுற்றுப் படத்தில் இணைப்புக் கம்பிகள் நேர்க்கோடுகள். அவற்றுக்கு மின்தடை இல்லை. சந்திப்புகள் வெறும் புள்ளிகள். அவற்றுக்கும் மின்தடை இல்லை. மின்தடை இருக்குமிடத்தில் மட்டும் வளைந்த கோடு போட்டு ஓர் எண்ணை எழுதிவிடுகிறோம். கணக்குப் போட இது வசதி. நானும் வகுப்பில் அப்படித்தான் வரைகிறேன். ஆனால் உலகத்தில் பழுதுகள் எங்கே பிறக்கின்றன? பெரும்பாலும் அந்த நேர்க்கோடுகளிலும் புள்ளிகளிலும்தான். நம் படம் எந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டதோ, அதே இடத்தில்தான் எலக்ட்ரீஷியனுக்கு வேலை.

ஓம் விதி பிறந்தபோது இப்படி இருக்கவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்த கியோர்க் ஓம், தம் சோதனைகளை முதலில் வோல்ட்டா கலங்களைக் கொண்டு செய்தார். அவற்றின் ஆற்றல் நிலையாக நிற்காமல் அவரை அலைக்கழித்தது. 1826ஆம் ஆண்டில் அவற்றைக் கைவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தினார். ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மூலத்தைப் பெற்றார். வெவ்வேறு நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, காந்த ஊசி திரும்பும் அளவைக் கொண்டு மின்னோட்டத்தை அளந்தார். அவருக்குக் கிடைத்த சூத்திரத்தை நம் எழுத்துகளில் எழுதினால் இப்படி வரும்:

மின்னோட்டம் = அ ÷ (ஆ + நீ)

இதில் 'நீ' என்பது சோதனைக் கம்பியின் நீளம். 'அ' மூலத்தின் மின்னியக்கு விசையைப் பொறுத்தது. 'ஆ' என்பது என்ன? சோதனைக் கம்பியை விட்டால் சுற்றில் மீதியுள்ள எல்லாவற்றின் மின்தடை! அதாவது ஓம் என்ற மனிதர் தம் முதற் சூத்திரத்திலேயே, தாம் ஆராயும் கம்பியைத் தவிர மற்றவற்றுக்கும் ஓரிடம் ஒதுக்கி வைத்திருந்தார். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என்று மூன்றே எழுத்துகளில் நாம் மனப்பாடம் செய்யும் வாய்பாட்டில் இந்த 'ஆ'வைக் காணோம். நம் காரின் பச்சை பூத்த கப்ளர் முனை அந்த 'ஆ'வில்தான் ஒளிந்திருக்கிறது.

பாடநூலுக்கு இது முற்றிலும் தெரியாது என்று சொன்னால் அநியாயம். 'மின்கலத்தின் அகமின்தடை' என்ற தலைப்பில், திறந்த சுற்றில் கலத்தின் மின்னியக்கு விசைக்கும் மின்னோட்டம் செல்லும்போது அதன் முனைகளில் உள்ள மின்னழுத்த வேறுபாட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒழுங்காக விளக்கப்பட்டுள்ளது. மின்னழுத்தமானி சோதனையில் மாணவர் அதை அளக்கவும் செய்கிறார். ஆனால் அந்தக் கருத்து கலம் என்னும் டப்பாவுக்குள்ளேயே அடைபட்டுவிடுகிறது. ஒயருக்கும், ஃப்யூஸ் பிடிக்கும் கவ்விக்கும், துருப்பிடித்த எர்த் போல்ட்டுக்கும் அதே கருத்து பொருந்தும் என்று ஒரு வரி இல்லை. போதாக்குறைக்கு, சிறந்த வோல்ட்மீட்டர் மின்னோட்டமே எடுக்கக் கூடாது, அதன் மின்தடை முடிவிலியாக இருக்க வேண்டும் என்றும் கற்பிக்கிறோம். சரிதான். ஆனால் அந்தச் சிறப்பே நமக்கு இங்கே எதிரி. மின்னோட்டம் எடுக்காத கருவி, மின்னோட்டம் போகும்போது மட்டுமே வெளிப்படும் பழுதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

இந்த இடத்தில் ஒரு பழைய கருவிக்காக வாதாட விரும்புகிறேன். ஒயரின் நுனியில் ஒரு பல்பைக் கட்டிக்கொண்டு சோதிக்கும் மெக்கானிக்குகளைப் பார்த்திருப்பீர்கள். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் அவர்களைச் சற்று ஏளனமாகப் பார்ப்பதுண்டு. பிரேக் விளக்குக்குரிய 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் எடுக்கும். 1000 ஓம் முனை வழியாக அது கொஞ்சமும் எரியாது. மீட்டர் ஏமாந்த இடத்தில் பல்பு ஏமாறவில்லை! 2 ஓம் பழுதில் அது மங்கலாகவேனும் எரியும். கண் அதை நம்பிவிடக்கூடும். அப்போது எரியும் பல்பின் இரு முனைகளில் மீட்டரை வைத்தால் 12.5க்குப் பதில் பத்துக்கும் குறைவாகக் காட்டும். ஆனால் கடைகளில் கிடைக்கும் எல்.இ.டி. வைத்த டெஸ்டருக்கு இந்தப் பெருமை கிடையாது. சில மில்லி ஆம்பியரிலேயே அது பளிச்சென எரிந்துவிடும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியின் ஒயர்களில் பெரிய பல்பை வைப்பதும் ஆபத்து. அது பெட்டியையே கெடுக்கலாம். பம்பின் மின்வழிக்கு மட்டுமே பல்பு.

இழப்பைத் தேடுங்கள்

சரியான முறை என்ன? கப்ளரைக் கழற்றாமல், பம்பு ஓடும்போதோ ஓட முயலும்போதோ அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும், மற்றதை ஒரு மெல்லிய ஊசி கொண்டு கப்ளரின் பின்புறமாகப் பம்பின் நேர் ஒயரிலும் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒயர்தான் உள்ளது. ஒயரில் இழப்பு இல்லையென்றால் பூஜ்யம் காட்ட வேண்டும். உண்மையில் சிறிது காட்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்பு ஒயர் 4 மீட்டர் இருந்தால் அதன் மின்தடை 0.045 ஓம், 5 ஆம்பியருக்கு இழப்பு 0.23 வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 3 வோல்ட், 5 வோல்ட் என்று காட்டினால் திருடன் அந்தப் பாதையில் இருக்கிறான். பாதையைப் பாதியாகப் பிரித்து, ஃப்யூஸ் வரை, ரிலே வரை என்று அளந்துகொண்டே போனால் அகப்படுவான். பின் அதேபோல் பம்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும்.

இந்த இரண்டாவது அளவை மறப்பவர்களே மிகுதி. காரின் உடல் சுற்றில் பாதி என்பதைப் படம் காட்டாததால் மனமும் காட்டுவதில்லை. எர்த் போல்ட்டின் கீழே துரு ஏறினாலும் பெயின்ட் புகுந்தாலும் பம்புக்கு அதே கதிதான். பல கார்களில் பெட்ரோல் அளவுமானிக்கும் அதே எர்த். பம்பு ஓடும்போது அளவுமானியின் முள் ஆட்டம் காட்டினால் எர்த்தைச் சந்தேகிக்கலாம்.

இவ்வாறு அளந்த எல்லா இழப்புகளையும் பம்பின் முனைகளில் உள்ள அழுத்தத்தையும் கூட்டினால் அந்நேரத்துப் பேட்டரி அழுத்தம் வந்தாக வேண்டும். கிர்காஃப் 1845இல், இருபத்தொரு வயது மாணவராக இருந்தபோது வகுத்த விதி இது. கண்ணிகளையும் குறியீடுகளையும் கொண்டு தேர்வில் எழுதித் தள்ளும் நம் மாணவர்களில் எத்தனை பேர், அது ஒரு வரவு செலவுக் கணக்கு, காணாமற்போன வோல்ட்டுகளைத் தேடிப்பிடிக்கும் கருவி என்று உணர்ந்திருக்கிறார்கள்?

அட்டவணைகள் செய்யும் இன்னொரு குற்றம் ரிலேயைப் பற்றியது. "டக் என்ற ஒலி கேட்டால் ரிலே நன்று." ஒலி எழுப்புவது ரிலேயின் மின்காந்தம், 85, 86 என்று எண்ணிட்ட முனைகளுக்கிடையே உள்ள சுருள், சுமார் 0.15 ஆம்பியர் எடுத்துக்கொண்டு ஒரு தகட்டை இழுக்கிறது. பம்பின் மின்னோட்டம் போவதோ 30, 87 என்ற முனைகளின் வழியாக. அங்குள்ள தொடுமுனைகள் கருகிப்போயிருந்தாலும் தகடு வந்து டக் என்று மோதத்தான் செய்யும். கதவு சாத்தும் ஒலி கேட்டதால் தாழ்ப்பாள் நன்றாயிருக்கிறது என்பது போன்றது இது. இதையும் ஒலியால் அறிய முடியாது; 30க்கும் 87க்கும் இடையே பம்பு ஓடும்போது இழப்பை அளந்தே அறிய வேண்டும்.

மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். சாவி போட்டு இரண்டு மூன்று வினாடிக்குப் பின் அளந்தால் பம்பு முனையில் பூஜ்யம் காட்டும். ஒயர் அறுந்ததாக எண்ணிவிடாதீர்கள். எஞ்சின் சுழலாதபோது பம்பை நிறுத்திவிடும்படி கணினிப் பெட்டி அமைக்கப்பட்டுள்ளது. விபத்தில் எஞ்சின் நின்றபின், உடைந்த குழாயிலிருந்து பம்பு 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஃபோர்டு நிறுவனம் தன் பல கார்களில் இதற்கென்றே தனி ஸ்விட்ச் வைத்தது: காந்தம் பிடித்து வைத்திருக்கும் ஓர் எஃகுக் குண்டு, மோதலில் நிலைமத்தால் விடுபட்டுப் பம்பின் சுற்றைத் துண்டிக்கும்.

இதனால்தான் சில பட்டறைகளில் செய்யும் ஒரு 'வைத்தியத்தை' நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். பழுது எங்கே என்று தெரியாதபோது பேட்டரியிலிருந்து ஒரு ஸ்விட்ச் வழியாகப் பம்புக்கு நேரடியாகப் புது ஒயர் இழுத்துவிடுவார்கள். கார் உடனே கிளம்பும், உரிமையாளர் மகிழ்வார். ரிலே, கணினிக் கட்டுப்பாடு என்ற இரண்டு காவலும் அன்றோடு போய்விட்டன. அவசரமாகப் போட்ட ஒயரில் ஃப்யூஸும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கப் போதும். பழுதடைந்த முனையை வெட்டி நீக்கி, அதே அளவுள்ள புதிய முனையை அதற்குரிய கருவியால் நெரித்துப் பொருத்துவதுதான் சரியான பழுதுநீக்கம். முறுக்கி டேப் சுற்றுவதும் ஏற்கத்தக்கதன்று; நாளடைவில் அதுவே அடுத்த 2 ஓம் ஆகும். வேலையைத் திறந்தவெளியில் செய்ய வேண்டும்; கப்ளரைக் கழற்றுமுன் பேட்டரியின் எதிர்முனையை விலக்கிவிட வேண்டும். முதலில் வந்த எலக்ட்ரீஷியனைப் போல் கப்ளரைக் கழற்றிவிட்டுச் சாவி திருப்புவது, தொட்டியின் தலைமேலேயே தீப்பொறிக்கு வாய்ப்பளிப்பதாகும்.

பம்பே கெடுவதில்லையா? கெடும். கார்பன் பிரஷ் தேயும். பெட்ரோலே அதைக் குளிர்விப்பதால் தொட்டியை எப்போதும் வறட்சியாக வைத்திருந்தால் விரைவில் சூடேறிக் கெடும். செய்முறைக் குறையும் உண்டு: 2020 ஜூலையில் மாருதி சுசுகி நிறுவனம் 1,34,885 வேகன் ஆர், பலேனோ கார்களை எரிபொருள் பம்புக் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைத்தது. கப்ளரில் பம்பு ஓட முயலும்போதும் முழு அழுத்தம் நின்று, பம்பு அசையாமல் இருந்தால் தயங்காமல் பம்பை மாற்றலாம். அட்டவணையின் முடிவு சில வேளைகளில் சரியாகத்தான் இருக்கும். அதை அடைந்த வழிதான் தவறு.

அப்படியானால் தவறான அட்டவணை இத்தனை காலம் எப்படி நிலைத்தது? புதிய பம்பைப் பொருத்தும்போது கப்ளரைக் கழற்றி மாட்டுகிறார்கள் அல்லவா? அந்த உராய்வில் பச்சை சிறிது உதிர்ந்து, முனைகள் சில நாள் நன்றாகத் தொடுகின்றன. கார் கிளம்புகிறது. பம்பு மாற்றியதால் சரியானது என்று எல்லோரும் நம்புகிறார்கள். மாதம் கழித்து மறுபடி நின்றால் "இப்போது வரும் பம்பெல்லாம் மட்டம்" என்று பேச்சு. கழற்றிய பழைய பம்பை மேசையில் வைத்து ஒரு கணம் ஓட்டிப் பார்ப்பவர் யார்? (பெட்ரோல் நனைந்த பம்பை அப்படி ஓட்டிப் பார்க்கவும் கூடாது, தீப்பொறி போதும்.) ஆக, தவறான முடிவைப் பொய்ப்பிக்கும் சான்று பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது.

பாடத்திட்டம் வகுப்போருக்கு என் யோசனை ஒன்றுண்டு. புதிய அத்தியாயம் வேண்டாம். ஒரு செய்முறை போதும். கூரில்லாத பள்ளியிலும் செய்யலாம். ஒரு சிறு பெட்டிக்குள் 1000 ஓம் மின்தடையை வைத்து மூடி, இரு ஒயர்களை மட்டும் வெளியே விடுங்கள். 12 வோல்ட் பேட்டரி, அந்தப் பெட்டி, 5 வாட் கார் பல்பு மூன்றையும் தொடராக இணைக்க வேண்டும். முதலில் பல்பை அதன் பிடியிலிருந்து கழற்றிவிட்டு, பிடியின் முனைகளில் மீட்டரை வைக்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் காட்டும். "பல்பு எரியுமா?" என்று கேளுங்கள். எரியும் என்பார்கள். பல்பை மாட்டுங்கள். எரியாது, மீட்டர் 0.04 வோல்ட் அளவுக்கு இறங்கியிருக்கும். பல்பு கெட்டது என்று சிலர் கூறுவர். வேறு பல்பு கொடுங்கள். பிறகு மீட்டரை எடுத்துப் பெட்டியின் இரு ஒயர்களிலும் வைக்கச் சொல்லுங்கள். காணாமற்போன 12 வோல்ட் அங்கே இருக்கும்.